ஒரே ஒரு திருத்தம்

"அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடுங்கம்மா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

கேட்டது எதிர்க்கட்சித் தலைவர். கேட்ட இடம், சபையின் ஆவணப் பிரிவு. பிரதமர் இறந்து முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை.

நான் சபையில் சுருக்கெழுத்தர். முப்பத்து நாலு வருஷமாக, யார் என்ன பேசினாலும் அப்படியே எழுதிக் கொடுப்பவள். அன்று காலையிலிருந்து இரங்கல் கூட்டம். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்பதற்குச் சுருக்கெழுத்தில் ஒரு கோடு போதும். அந்தக் கோட்டை முப்பத்தோரு தடவை போட்டு விரல் மரத்துப்போயிருந்தது. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்றிருந்தேன்.

பேசியவர்கள் சாயங்காலம் வந்து, தட்டச்சுப் பிரதியைப் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கையெழுத்துப் போடுவது வழக்கம். அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அவருடைய நாலு பக்கத்தை நீட்டியிருந்தேன். வாங்கி, பார்க்காமலே மேஜையில் வைத்துவிட்டார்.

அன்று சபையே அழுதது அவர் பேச்சுக்குத்தான். "முப்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவரை என்னைவிட அறிந்தவர் இந்த அவையில் எவரும் இல்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அடேயப்பா, என்ன நடிப்பு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் எழுதினேன்.

"எந்தப் பக்கம் ஐயா?" தெரிந்தேதான் கேட்டேன்.

"பதினெட்டு வருஷம் முந்தி, பட்ஜெட் விவாதத்துல... அவர் பையனைப் பத்தி நான் சொன்னது. அன்னிக்கு எழுதினது நீங்கதானே?"

நான்தான். இறந்துபோனவர் முதல் தடவை பிரதமரான வருஷம் அது. அவருடைய ஒரே மகனை மனநோய்க் காப்பகத்தில் சேர்த்திருந்தார்கள். 'பெத்த பிள்ளையை வீட்ல வெச்சுப் பாத்துக்கத் துப்பில்ல, இவர் நாட்டைப் பாத்துக்கப் போறாராம்' என்றார், இப்போது என் எதிரே நிற்கிற இவர். இவர் பக்கத்து வரிசைகள் மேஜையைத் தட்டிச் சிரித்தன. பிரதமர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வந்து பழசையெல்லாம் புரட்டுவாங்கம்மா. அப்ப சபைக்குள்ள கேமரா கிடையாது. மத்த பிரதியெல்லாம் எங்கேயோ மூட்டையில கிடக்கு. அவங்க தேடி வர்றது இங்கதான்."

"அதுல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க. அவைத் தலைவர் உத்தரவு போடணும்."

"அவர்கிட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிடும்." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்போ?"

"ரெண்டு மாசம் இருக்கு."

"தேர்தலும் அப்பதான். நான் எந்த நாற்காலியில உக்காந்திருப்பேன்னு உங்களுக்கே தெரியும். பென்ஷன் விஷயமெல்லாம் இழுத்தடிக்காம நடக்கணுமில்லையா?"

வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். ஆனாலும் களைப்பில் ஒரு வசதி, பயப்படக்கூடத் தெம்பு இருக்காது.

"இழுத்தடிச்சா அடிக்கட்டுங்க. ஒரு தாளையும் கிழிக்க மாட்டேன். நீங்க பேசினதை நீங்களே ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க."

அந்த வருஷத்துச் சபைக் குறிப்புத் தொகுதியை அலமாரியிலிருந்து இறக்கி, அவர் முன்னால் பொத்தென்று போட்டேன். எழுதிக் கொடுப்பதோடு என் வேலை சரி. அச்சானதை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. தேதியைத் தேடிப் புரட்டினேன்.

அந்த வரி அங்கே இல்லை.

'அவைத் தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது.

"யார் நீக்கச் சொன்னது?" அவர் குரலே மாறிவிட்டது. "மறுநாள் பேப்பர்ல வரலையேன்னு எனக்கு வருத்தம்கூட இருந்துதேம்மா..."

சபை நீக்கியதைப் பத்திரிகைகளும் போடக்கூடாது. எதை நீக்கினாலும், நீக்கச் சொன்ன கடிதத்தை எங்கள் அலுவலகப் பிரதியில் அந்த இடத்திலேயே ஒட்டி வைப்பார்கள். இங்கேயும் ஒன்று ஓரமெல்லாம் பழுத்து ஒட்டியிருந்தது. அவர் தொகுதியை என் பக்கம் தள்ளினார். நானே பிரித்து வாய்விட்டுப் படித்தேன்.

'மதிப்பிற்குரிய அவைத் தலைவருக்கு, இன்று என் மகனைப் பற்றிச் சொல்லப்பட்ட வரியை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்காக இல்லை. சொன்னவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், சின்னஞ்சிறுசுகள். நாளைக்கு வளர்ந்து, அப்பா சபையில் என்ன பேசினார் என்று ஆசையாக எடுத்துப் படிக்கும்போது இது அவர்கள் கண்ணில் பட வேண்டாம். நான் கேட்டுக்கொண்டது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.'

கீழே, பிரதமரின் கையெழுத்து.

எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் அவருடைய ஆட்கள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில், காலையில் பேசிய அந்த நாலு பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"பேனா இருக்காம்மா?"

கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் மட்டும் கோடு இழுத்து அடித்தார். கையெழுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

நாலு பக்கத்திலும் அந்த ஒரே ஒரு திருத்தம்தான். அவர் அடித்துவிட்டுப் போயிருந்த வரி: 'அவரை என்னைவிட அறிந்தவர் இந்த அவையில் எவரும் இல்லை.'