சொந்த விருப்பத்தின் பேரில்

பேபி வாசலில் வந்து நின்றதும் மேஜைமேல் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

கடியப்பட்டணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மீன் விற்றுவிட்டு நேரே வந்ததால் ஸ்டாஃப் ரூமுக்குள் வரத் தயங்கினாள். பின்னாலேயே அவள் மகள் சிந்தியா, யூனிஃபார்மில். நாற்காலியைக் காட்டினேன். பேபி உட்காரவில்லை.

பிள்ளை எதுவும் தப்பு செய்தாளா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஒரு கையெழுத்துதான் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். பத்தாம் வகுப்பில் இந்த வருடமும் நூற்றுக்கு நூறு ரிசல்ட் வேண்டும். தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற ஏழு பேரைப் பள்ளி திறந்த கையோடு டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும். ஆனால் நாங்கள் அனுப்பியதாக இருக்கக்கூடாது, பெற்றோரே கேட்டு வாங்கியதாக இருக்கவேண்டும். அதற்கு ஒரு கடிதம். எழுதியது நான்.

ஏழு பேரும் கடற்கரைப் பிள்ளைகள். அதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பச்சைப் பொய்.

ஆறு கையெழுத்து வாங்கியாயிற்று. ஏழாவதையும் மதியத்துக்குள் வாங்காவிட்டால் எட்டாவதாக நீங்களே போகலாம் என்று எச்.எம். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் தற்காலிக டீச்சர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேபி கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். தமிழ் என்றால் மளமளவென்று வாசிப்பாள். அதனால்தான் கடிதம் இங்கிலீஷில்.

"இது இங்கிலீஷ்லல்லா கெடக்கு. மக்ளே, நீ வாசிச்சுச் சொல்லு."

செத்தேன் என்று நினைத்தேன்.

பிள்ளை இப்போது சொல்லிவிடுவாள். பேபி சத்தம் போடுவாள். பக்கத்து அறையிலிருந்து எச்.எம். வருவார். என் வேலை போகும். இல்லையென்றால் பேபி என் காலில் விழுவாள். ஐயோ, அது அதைவிட மோசம்.

சிந்தியா வாய்விட்டு வாசிக்கவில்லை. கண் மட்டும் வரிவரியாக இறங்கியது. கீழே போய், திரும்ப மேலே வந்து, ஓரிடத்தில் நின்றது. அங்கிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருந்தாள்.

என் பின்னால் கணக்கு டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"பத்தாங்கிளாஸ் ஃபாரம்தான் அம்மா. ஒப்பு போடு."

பேபிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தாளாம். சிரித்தபடி தன் பெயரை முழுதாக எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தாள். எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

தாளை என்னிடம் தந்தது சிந்தியாதான். வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் கண் நின்ற இடம் எதுவென்று எனக்குத் தெரியும். டி.சி. கேட்பதற்கான காரணத்தை நான் அங்கேதான் எழுதியிருந்தேன்: என் மகளுக்கு இங்கிலீஷ் வாசித்தால் புரியாது.