பதினேழாம் தேதிப் படலம்

வலிப்பு வரும் பிள்ளைகளின் மண்டைக்குள், வலிப்பை அடக்க வைக்கிற நகமளவு மீக்கடத்திப் படலங்களை, மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் மெல்லிய ஏடுகளை, ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக வளர்த்து வருகிறாள் ஸ்டெல்லா. வளர்ந்த படலத்தைச் சூடு தணிய ஒரு மணி நேரம் உலைக்குள் ஆக்சிஜனிலேயே விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தாலும் அன்றைய சோதனையில் தேறிவிடும்; ஆனால் உடம்புக்குள் போன ஆறே மாதத்தில் படலம் வேலை செய்யாமல் செத்துவிடும். உள்ளே வைத்ததை மறுபடி எடுக்கவும் வழியில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வற்றியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மகள் ஜெனிபாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து தலையில் கட்டுப் போட்டிருந்தார்கள். கணவன் அருளப்பன் பூரிப்போடு, படலத்தோடு வந்த அட்டையை நீட்டினான்.

"உங்கிட்ட சொல்லாம ஒரு காரியம் பண்ணேன் ஸ்டெல்லா. டாக்டர் கையில கால்ல விழுந்து, நீ வளர்த்ததையே வைக்கச் சொல்லிட்டேன். வேற யார் வேலையையும் நான் நம்பமாட்டேன்."

அட்டையில் வளர்த்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருந்தது. வளர்த்த தேதி, மார்ச் பதினேழு.

ஜெனிபா வகுப்பில் முதன்முதலாக நுரை தள்ளி விழுந்த நாள் அது. பள்ளியிலிருந்து போன் வந்ததும் ஸ்டெல்லா இருபதாவது நிமிடத்திலேயே படலத்தை வெளியே எடுத்தாள். பதிவேட்டில் ஒரு மணி நேரம் என்று எழுதிவிட்டு ஓடினாள். மறுநாள் சொல்லியிருக்கலாம், வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். எந்தப் பிள்ளைக்குப் போகிறதோ என்று ஒரு வாரம் தூக்கமில்லை. பிறகு தூக்கம் வந்துவிட்டது.

ஜெனிபா கண் திறந்து தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, உள்ள இருக்கறது நீ செஞ்சதாமே? அப்பா சொன்னாங்க. இனிமே எனக்கு வரவே வராதுல்ல?"

"வராதுடி கண்ணு," என்றாள் ஸ்டெல்லா.