இரண்டு விரல்

"ஏணிய நல்லாப் புடி" என்றார் என் வீட்டுக்காரர். சர்ச்சுக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பிடித்தேன். பெயிண்டர் பெண்டாட்டிக்கு ஏணி பிடிக்கத் தெரியாதா என்ன?

மேலே அவருக்கு எதிரே இயேசு சுரூபம். ஆசி கொடுக்க உயர்த்திய வலது கை. அதில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. பூனை தட்டிவிட்டது என்றார்கள் சிலர். பழைய சுண்ணாம்பு, தானாகவே உதிர்ந்தது என்றார்கள் சிலர். ஃபாதர் வாயே திறக்கவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார்.

"விரல ஒட்டணும்மா. உங்க வீட்டுக்காரரையே வரச் சொல்லுங்க. வேற ஆள் வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சர்ச் மணி அடித்தால் ரேடியோவைச் சத்தமாக வைக்கிற மனுஷன்.

மாட்டேன் என்பார், பெரிய சண்டை வரும் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டுதான் சொன்னேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

எங்கள் மகள் இருந்தாளே, வாய் என்றால் வாய், அப்படியொரு வாய். ஒருநாள் பூசையில் எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் முழங்காலில் இருக்கும்போது, இந்தச் சுரூபத்தைக் காட்டிக் கத்தினாள்.

"அப்பா, சாமி பழம் விடுறாரு!"

குழந்தைகளின் சட்டம் தெரியும்தானே? சுண்டுவிரலைக் காட்டினால் காய், இனிப் பேச்சு இல்லை. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினால் பழம். எதிராளி தன் இரண்டு விரலால் அதைத் தொட்டுவிட்டால் சண்டை தீர்ந்தது.

சர்ச்சே சிரித்தது. அவள் அதோடு விட்டாளா? வாசலில் ஃபாதரை மறித்துக்கொண்டாள். தப்புப் பண்ணியது நாம், அவர் எதற்கு முதலில் பழம் விடுகிறார் என்று கேட்டாள்.

ஃபாதர் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாம் விடமாட்டோம் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் அவரே விட்டுவிட்டார், நீ தொட்டால் போதும் என்றார்.

கடைசி நாள் காலையில் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. ஒன்றுமில்லாத சண்டை. இவருடைய புது பிரஷ்ஷை எடுத்து நாய்க்குத் தலை வாரிவிட்டாள். இவர் வீடு அதிரக் கத்தினார். பள்ளி வேன் ஜன்னலில் சுண்டுவிரலை நீட்டிக் காட்டிக்கொண்டே போனாள் அவள்.

போய் ஒரு பழம் விட்டுவிட்டு வாங்களேன் என்றேன். காய் விட்டவள்தான் முதலில் வர வேண்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீம்பாக நின்றார்.

அந்த வேன் திரும்பி வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சுண்டுவிரல் நடமாடுகிறது. ஜன்னல் கண்ணாடியை இவர் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். தெருவில் வேன் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். டீ குடிக்கும்போது என் சுண்டுவிரல் தனியே நீண்டிருந்தால் எழுந்தே போய்விடுவார். நான் விரலை மடக்கிக்கொண்டு குடிக்கப் பழகிவிட்டேன்.

மகள் மட்டுமில்லை, கடவுளும் தன்னோடு காய்தான், இந்த ஜென்மத்தில் தனக்கு மன்னிப்பு இல்லை என்று இவரே தீர்ப்பு எழுதிவிட்டார். பெற்றவள் நான் ஒருத்தி இருக்கிறேன். நான் உட்கார்ந்து அழக்கூட அந்த வீட்டில் இடம் விடவில்லை பாவி மனுஷன்.

இன்றைக்கு ஃபாதர் ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை இவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதைப் பார்த்ததும் இவர் முகம் செத்துப்போனது. பிரிக்காமல் வெகுநேரம் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதோடு ஏணியில் ஏறினார்.

பசையைக் குழைத்து மேலே நீட்டினேன். பொட்டலத்திலிருந்து விரல்களை எடுத்து, துணியை ஏணிப்படியில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பொருத்தினார். சுண்ணாம்பு விரலைக் கம்பி கட்டி இறுக்க முடியாது, நொறுங்கிவிடும். பசை இறுகும்வரை நுனியில் கையை வைத்து அழுத்திக்கொண்டேதான் நிற்க வேண்டும்.

அழுத்திக்கொண்டு நின்றார். இரண்டு விரல் நுனிமேல் தன் இரண்டு விரலை வைத்து.

ஏணி நடுங்க ஆரம்பித்தது. பழைய ஏணி என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே பார்த்தால் அவருடைய தோள் குலுங்குகிறது.

ஏணிப்படியில் கிடந்த துணி நழுவி என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். கைக்குட்டை. ஓரத்தில் நீல நூலில் கோணல்மாணலாக ஒரு பூ. தையல் பழகிய புதிதில் அப்பாவுக்கென்று என் மகள் போட்ட பூ.

அடக்கத்தன்று தொலைந்துபோனது என்று இவர் சொன்ன கைக்குட்டை.

அன்று கல்லறையிலிருந்து எல்லோரும் வீடு வந்து சேர்ந்தபின், இவர் வேலைப்பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். எங்கே போனீர்கள் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அப்படியானால் ஃபாதருக்கு அன்றைக்கே தெரியும். கீழே கிடந்த விரல்களை, பக்கத்தில் விழுந்திருந்த அந்தக் கைக்குட்டையிலேயே பொறுக்கி முடிந்து வைத்திருக்கிறார். ஊர் பூனையைத் திட்டிக்கொண்டிருக்க, உடைத்தவனையே கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். விரல் போன பிறகும் இந்தக் கை இவ்வளவு நாளும் நீட்டியபடியேதான் இருந்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். பசை எப்போதோ இறுகியிருந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.

ஏணியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக, நானும் சத்தம் போட்டு அழுதேன்.