சிவப்புச் சீட்டு

குறைமாதத்தில் பிள்ளை பெற்ற பூவிழிக்கு மூன்று நாளாகியும் பால் சுரக்கவில்லை. நர்ஸ் ஜெசிந்தா தாய்ப்பால் வங்கியிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அதில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. பால் கொடுத்தவள் மரபணு மாற்றிய அரிசியைச் சாப்பிடுகிறவள் என்று அதற்குப் பொருள். தாய்ப்பாலுக்கும் சீட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்து ஓராண்டுதான் ஆகிறது.

பூவிழியின் கணவன் வளவன் சீட்டைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இந்தப் பால் வேண்டாம். என் புள்ள உடம்புல அந்த விஷம் இறங்கக் கூடாது."

"டெஸ்ட் பண்ணின பால்தான் சார். வேற பால் இல்ல. குழந்தைக்கு எடை குறைஞ்சுகிட்டே போகுது."

"அந்த அரிசியத் திங்கிறவங்க கையால எங்க வீட்ல தண்ணிகூட வாங்க மாட்டோம்."

கட்டிலில் படுத்திருந்த பூவிழி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆகுற வரைக்கும் நான் தின்னது அந்த அரிசிதாங்க. உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டேன்."

வளவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு நர்ஸிடம், "இவளுக்கே பால் ஊறினாலும் புள்ளைக்குக் குடுக்காதீங்க" என்றான்.

பூவிழி ஜெசிந்தாவிடம் கையை நீட்டினாள்.

"சம்மத ஃபாரத்தக் கொண்டாங்கக்கா. பெத்தவ நான் கையெழுத்துப் போடறேன்."

ஜெசிந்தா பாலாடையில் ஊற்றிப் புகட்ட, குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது.

"அதத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டு வாசப்படிய மிதிச்சிடாத" என்று சொல்லிவிட்டு வளவன் வெளியேறினான்.

பூவிழி பாலாடையைத் தன் கையில் வாங்கி, மிச்சப் பாலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள்.