மணம் மாறும் நாள்

“ஏனுங்க, இவ்வளவு தடியா அறுத்தா உள்ளுக்குள்ள ஈரம் நின்னு கெட்டுப்போயிருமுங்க,” என்றாள் வாசற்படியில் நின்றிருந்த பக்கத்து வீட்டுப் பங்கஜம்.

பாலன் ஆட்டுக்கறியை இன்னும் மெலிதாக அறுத்தார். உப்பும் மஞ்சளும் பிசறிக் கயிற்றில் கோத்தார்.

“வெயில்ல கட்டட்டுமா?”

“இந்தக் கிளென்மார்கன் எஸ்டேட்டு மூட்டத்துல வெயிலுக்கு எங்கீங்க போறது? அடுப்புக்கு மேல கட்டுங்க. கரண்டில்லாத லைன் ஊட்டுல முப்பது வருசமா அப்படித்தானே உப்புக்கண்டம் காஞ்சுது?”

ஏழாம் நாள் பாலன் ஒரு துண்டை வளைத்தார். படக்கென்று ஒடிந்தது. பங்கஜத்திடம் நீட்டினார்.

அவள் முகர்ந்தாள். “பச்சை வாடை போகலீங்க. இன்னும் ஒரு நாள்.”

“நாளைக்கழிச்சு கருப்பம்மாளுக்கு வருசப் படையல், பங்கஜம். கெட்டதை வெச்சுட்டா அப்புறம் மனசு ஆறாது.”

மறுநாள் மறுபடி முகர்ந்தாள். “இப்பச் சரி. அதே மணம்.”

“ஒரு துண்டு தின்னுதான் பாரேன்.”

“சும்மா இருங்கண்ணா. எங்கூட்டுல முட்டைகூட வந்ததில்லை. கறி தின்னாத மூக்குத்தான் நம்பகம்னு கருப்பம்மாக்கா செவுத்தைத் தட்டிக் கூப்பிடுவாங்க. இல்லாட்டி எனக்கென்ன தெரியும்?” சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

படையலன்று மனைவி கருப்பம்மாளின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, உப்புக்கண்டத்தை வறுத்து வைத்தார் பாலன். கும்பிடும்போது சுவருக்கு அந்தப்புறமிருந்து குரல் வந்தது.

“அண்ணா, பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி வைங்க. உப்புக்கண்டம் தின்னா அக்காவுக்கு விக்கல் எடுக்குமுங்க.”