பெயர் கூப்பிடுகிறவன்

டவாலி வேலையில் இளைஞன் வெய்சிலுக்கு அன்று முதல் நாள்.

"செனாஹித் முயிச்!" மாடியில் நீதிமன்ற அறை வாசலில் நின்று கூப்பிட்டான். யாரும் வரவில்லை.

ஒரு வயதான அம்மாள் ஓடி வந்தாள். "இன்னும் சத்தமா கூப்பிடு தம்பி. என் பையன்தான்."

"கோர்ட்டுக்கே லேட்டா? கீழே காபிக் கடையில காலாட்டிட்டு உக்காந்திருப்பான், போய்ப் பாருங்கம்மா."

"பார்த்துட்டேன். சின்ன வயசுலேருந்தே அவன் லேட்டுதான். வந்துடுவான்."

மறுபடி கூப்பிட்டான். லிஃப்ட் திறந்தது. யாரோ ஒரு வக்கீல் இறங்கினார். அவள் முகம் வாடியது.

"மூணு தடவைதாம்மா கூப்பிடணும். அப்புறம் வரலைன்னு உள்ளே சொல்லணும். அதான் என் வேலை."

"சொல்லிடாதே தம்பி!" அவன் கையைப் பற்றிக்கொண்டாள். மூன்றாவது முறையும், அவளுக்காக நான்காவது முறையும் கூப்பிட்டுவிட்டு உள்ளே போனான்.

"வரலை, மேடம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"பல ஆண்டுகளுக்கு முன் போஸ்னியப் போரில் காணாமல் போனவர். பத்திரிகையில் அழைத்தோம், இன்று வாசலிலும் அழைத்தோம். வரவில்லை. ஆகவே மனைவியின் மனுவை ஏற்று, செனாஹித் முயிச் இறந்துவிட்டதாக அறிவிக்கிறேன்."

வெளியே அந்த அம்மாள் தானே கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

"செனோ! டேய், செனோ!"