மூன்றாவது மூங்கில்

மூன்றாவது மூங்கிலையும் சேர்த்துக் கட்டிவிட்டு நாச்சிமுத்து கூரை முகட்டில் நிமிர்ந்தார். ஏரியல் கம்பி அங்கிருந்து எதிரே நின்ற பனையின் உச்சிவரை விறைப்பாக ஓடியது.

கீழே கயிற்றைப் பிடித்திருந்த மச்சினன் செங்கோடன் அண்ணாந்து பார்த்தான். "இன்னொரு மூங்கில் கட்டுங்க மாமா. ரேடியோவே வேண்டாம், அங்கிருந்தே சிங்கப்பூர் தெரியும்."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கைக்குப் போய் ஒரு வருஷம். பட்டாளத்தில் அங்கே இருந்த மகன் ராசப்பனிடமிருந்து கடிதம் இல்லை. சிறைப்பட்ட சிப்பாய்களின் பெயர்களை மாலை ஆறரைக்கு அந்த ஊர் ரேடியோ வாசித்தது, நாளுக்குப் பத்துப் பெயர். பெயர் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான்.

இருபது நாளாகக் குரல் கேட்கவில்லை. வெறும் இரைச்சல். பெயர் அந்த இரைச்சலுக்குள் வந்து போயிருந்தால்?

இறங்கி வந்து கதவைச் சாத்தினார். எதிரி ரேடியோ கேட்பது தெரிந்தால் போலீஸ் வரும். முன்பெல்லாம் மனைவி பொன்னாத்தாள்தான் பெட்டிக்கு முன்னால் முதலில் உட்காருவாள். இப்போது அந்த நேரத்துக்கு அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடுகிறது.

குமிழைத் திருகினார். அதே இரைச்சல்.

அப்போதுதான் இன்னொரு கம்பி நினைவுக்கு வந்தது. ரேடியோவிலிருந்து ஜன்னல் வழியே இறங்கி மண்ணுக்குள் போகும் கம்பி. அது புதைந்த இடம் காய்ந்தால் ஸ்டேஷன் எடுக்காது என்று சேலத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர். அது பொன்னாத்தாளின் பொறுப்பு.

வெளியே ஓடினார். மண் வெடித்துக் கிடந்தது. தொட்டியிலிருந்து இரண்டு குடம் மொண்டு ஊற்றினார்.

"மாமா, கேக்குது" என்றான் செங்கோடன் உள்ளிருந்து.

பக்கத்து அறையில் பேசுவதுபோல் ஒரு குரல் பெயர்களை வாசிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்று. இரண்டு. நாச்சிமுத்து ஈரக் கையோடு பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, தண்ணி ஊத்துலியா?"

பொன்னாத்தாள் அடுப்படியிலிருந்து வந்தாள். ஐந்தாவது பெயரில் குமிழைத் திருகி அணைத்தாள்.

"அவம் பேரு வராதுங்க" என்றாள். "தந்தி வந்து இருவது நாளாச்சு."